லாரி இழுக்கவில்லையா? பம்ப் ஸ்க்ரூவைத் தொடும் முன் பூஸ்ட்டை அளந்து பாருங்கள்

பண்ருட்டியில் பலாப்பழம் ஏற்றிக்கொண்டு பெங்களூருக்குப் போகும்போது கிருஷ்ணகிரி தாண்டி சூளகிரி ஏற்றத்தில்தான் எங்கள் மாமாவின் லாரி முதலில் மூச்சு வாங்கியது. வழக்கமாக நாலாவது கியரில் ஏறுகிற வண்டி இரண்டாவதுக்கு வந்துவிட்டது. ஊர் திரும்பியதும் ஒரு பட்டறையில் விட்டோம், அவர்கள் டீசல் பம்ப் ஸ்க்ரூவைத் திருகி டீசலைக் கூட்டிக் கொடுத்தார்கள். கரும்புகை வந்தது, மைலேஜ் போனது, இழுவை மட்டும் வரவே இல்லை. ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிர வைக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸ் கிளாம்புக்கு அடியில் ஓர் அங்குலத்துக்குக் கிழிந்திருந்தது. "ஏன்டா மாப்ள, இந்த ஹோஸுக்கா ஒரு மாசமா டீசலை ஊத்துனோம்?" என்று மாமா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. அந்த ஒரு மாதம் உங்களுக்கும் வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

வேலைக்குப் போகும் முன் ஒரு விஷயம் புரிய வேண்டும். சக்தி இருப்பது டீசலில், காற்று அதை முழுதாக எரிய விடுகிறது. ஒரு கிலோ டீசல் எரியக் கணக்குப்படி சுமார் 14.5 கிலோ காற்று வேண்டும், ஆனால் டீசல் எஞ்சினில் அதைவிட நன்றாகக் கூடுதலாக இருந்தால்தான் புகையில்லாமல் எரியும். சைலன்சருக்குப் போகும் சூடான புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றைத் தாண்டிச் சுழன்று, அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் சக்கரம் காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிறது, அதுதான் டர்போ. அப்படி வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் கிடைக்கும் கூடுதல் அழுத்தத்தைத்தான் பூஸ்ட் என்கிறோம். அதை பார் என்ற அலகில் அளப்பார்கள், 1 பார் என்பது டயருக்குக் காற்றடிக்கும் கணக்கில் சுமார் 14.5 பிஎஸ்ஐ.

1 பார் பூஸ்ட் வந்தால் காற்று இரண்டு மடங்கு ஆகிவிடும் என்று நினைக்காதீர்கள். அமுக்கினால் காற்று சூடாகும். நம் கடலூர் வெயிலில் 33 டிகிரியில் உள்ளே போகும் காற்று டர்போவை விட்டு வரும்போது 130 டிகிரியை நெருங்கிவிடும், அந்தச் சூட்டில் உண்மையில் கிடைப்பது ஒன்றரை மடங்கு காற்றுதான். இன்டர்கூலர் அதை 60 டிகிரிக்குக் குளிர வைத்தால் 1.8 மடங்குக்கு மேல் வரும். இன்டர்கூலரில் மண்ணும் பூச்சியும் அடைத்திருந்தால் எவ்வளவு நஷ்டம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

சரி, வேலைக்கு வருவோம்.

படி 1: ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். அடைத்திருந்தால் மாற்றுங்கள். அதிகம் பேச ஒன்றுமில்லை, ஆனால் பாதிப் பேர் இதைப் பார்ப்பதே இல்லை.

படி 2: எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, டர்போவிலிருந்து இன்டர்கூலர், அங்கிருந்து எஞ்சினுக்குக் காற்றைப் பிரித்து விடும் மேனிஃபோல்டு வரை ஒவ்வொரு ஹோஸையும் கையால் தடவிப் பாருங்கள். கிளாம்பைத் தளர்த்தி அடியிலும் பார்க்க வேண்டும், எங்கள் கிழிசல் அங்கேதான் ஒளிந்திருந்தது. முதுநகர் துறைமுகப் பக்கம் மீன் லோடு அடிக்கிற வண்டிகளில் உப்புக்காற்றில் கிளாம்ப் சீக்கிரம் துருப்பிடிக்கும், மேலே இறுக்கமாகத் தெரிந்தாலும் பிடிப்பு இருக்காது. ஹோஸ் வெளியே ஓரிடத்தில் மட்டும் எண்ணெய்ப் பசை படிந்து தூசி ஒட்டியிருந்தால் பெரும்பாலும் காற்று அங்கேதான் கசிகிறது.

படி 3: பூஸ்ட் கேஜ் பொருத்துங்கள். பழைய வண்டியில் மேனிஃபோல்டிலிருந்து டீசல் பம்புக்குப் போகும் சின்ன டியூபில் ஒரு டி ஜாயின்ட் போட்டால் போதும், 3 பார் வரை காட்டும் கேஜ் சரியாக இருக்கும். பிஎஸ் 4, பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த புது வண்டிகளில் எஞ்சின் கணினியோடு இணைக்கும் ஸ்கேனரிலேயே படிக்கலாம், ஆனால் புதியவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். சில ஸ்கேனர்கள் வெளிக்காற்றையும் சேர்த்து 200 கிலோபாஸ்கல் என்று காட்டும், அதில் 100ஐக் கழித்தால்தான் பூஸ்ட், அதாவது 1 பார். வண்டி ஓடாதபோதே 100 காட்டினால் உங்கள் ஸ்கேனர் அந்த வகை.

படி 4: ஓட்டிப் பாருங்கள். நியூட்ரலில் ரேஸ் கொடுத்துவிட்டு "பூஸ்டே வரலையே அண்ணே" என்று போன் செய்பவர்கள் நிறைய. சுமை இல்லாவிட்டால் எஞ்சின் டீசல் கேட்காது, புகையில் சூடு இருக்காது, டர்போவும் வேகம் பிடிக்காது. லோடு ஏற்றித்தான் பார்க்க வேண்டும். நம் பக்கம் ஏற்றமே கிடையாது, அதனால் சிதம்பரம் சாலையில் விடியற்காலை போக்குவரத்து இல்லாத நேரத்தில், வழக்கத்தைவிட ஒரு கியர் கூட்டி, முழு ஆக்சிலேட்டரில் 1200லிருந்து 2000 ஆர்பிஎம் வரை இழுக்க விடுங்கள். ஓட்டுபவர் கண் சாலையில்தான் இருக்க வேண்டும், கேஜைப் பக்கத்தில் இருப்பவர் போனில் வீடியோ எடுக்கட்டும். வந்த எண்ணை உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள், பக்கத்து வண்டியோடு வேண்டாம்.

பூஸ்ட் குறைவு, கரும்புகை அதிகம் என்றால் பெரும்பாலும் காற்றுக் கசிவு. பூஸ்டும் குறைவு, புகையும் இல்லை என்றால் டீசல் பக்கம் பாருங்கள், டீசல் ஃபில்டர் அடைத்திருந்தாலே இப்படி ஆகும். நீலப்புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. இன்னொன்று, கேஜ் முள் அதிகம் ஏறினால் சக்தியும் அதிகம் என்று அர்த்தமில்லை, வழியில் அடைப்பு இருந்தாலும் அடைப்புக்கு முன்னால் அழுத்தம் ஏறும். இன்டர்கூலருக்கு முன்னும் பின்னும் அளந்து 0.2 பாருக்கு மேல் வித்தியாசம் வந்தால் இன்டர்கூலரைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும்.

படி 5: கசிவு சந்தேகம் இருந்தால் டர்போவின் வாயை ஒரு மூடியால் அடைத்து, கம்ப்ரஸரிலிருந்து ரெகுலேட்டர் வழியாக 1 பாருக்கு மேல் போகாமல் காற்று விட்டு, ஹோஸ் முழுக்கச் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குமிழி வரும் இடம்தான் கசிவு. டயருக்கு அடிக்கிற அழுத்தத்தை நேராக விட்டுவிடாதீர்கள், மூடி பறந்து முகத்தில் அடிக்கும். மூடிக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள்.

படி 6: மூடியை எடுத்தபின் டர்போ சக்கரத்தை விரலால் ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் மிகச் சிறிய ஆட்டம் இயல்பு. உள்ளே வெளியே ஆட்டம் தெரிந்தாலோ, சக்கரம் சுவரில் உரசிய தடம் இருந்தாலோ டர்போவைக் கழற்றிப் பழுது பார்க்கக் கொடுக்க வேண்டும்.

இதெல்லாம் சரியாக இருந்தால் மட்டும் பம்ப் பக்கம் போங்கள், அதுவும் பம்ப் வேலை தெரிந்தவரிடம். காற்று இல்லாமல் டீசலைக் கூட்டினால் புகையின் சூடு ஏறிக்கொண்டே போகும், நீண்ட ஏற்றத்தில் பிஸ்டன் தலையே உருகலாம். பிஎஸ் 6 வண்டியில் புகை வடிகட்டியும் கரி பிடித்து அடைத்துவிடும்.

கிளாம்ப் எல்லாம் இறுக்கிய பிறகு படி 4ஐ இன்னொரு முறை செய்து, தேதியும் லோடும் பூஸ்ட் எண்ணும் ஒரு நோட்டில் எழுதி வண்டியிலேயே வையுங்கள். 100 கிலோமீட்டர் ஓடியதும் கிளாம்பை மறுபடி ஒரு முறை தொட்டுப் பாருங்கள், புது ரப்பர் சூட்டில் அமுங்கிக் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.