யூடியூப் பிரசங்கத்தை வேதத்தைத் திறந்து சோதிப்பது எப்படி

நம் விசுவாசிகளில் நிறையப் பேர் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் கேட்பதைவிட வாரம் முழுக்க போனில் கேட்கும் பிரசங்கச் செய்திகள்தான் இப்போது அதிகம். சமைக்கும்போது ஒன்று, பஸ்ஸில் ஒன்று, தூங்கப் போகுமுன் "இன்றைய வாக்குத்தத்தம்" ஒன்று. அதில் நல்ல போதனையும் இருக்கிறது, ஆத்துமாவைக் கெடுக்கிற போதனையும் இருக்கிறது, இரண்டுமே அதே இசையோடும் அதே கண்ணீரோடும்தான் வருகின்றன. இதைப் பிரித்துப் பார்க்க இறையியல் கல்லூரியில் படித்திருக்க வேண்டியதில்லை. பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே "காரியங்கள் இப்படியிருக்கிறதா" என்று தினமும் வேதவாக்கியங்களில் ஆராய்ந்து பார்த்தார்கள், அதற்காக வேதம் அவர்களை நற்குணசாலிகள் என்கிறது (அப்போஸ்தலர் 17:11). அப்போஸ்தலனின் பிரசங்கத்தையே சோதிக்கலாம் என்றால் இன்றைய ஊழியக்காரரின் பிரசங்கத்தைச் சோதிப்பதில் பாவம் எதுவும் இல்லை.

முதலில் ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். பிரசங்கியார் சொல்லும் கதைகளை எழுத வேண்டாம், அவர் எடுக்கும் வசனங்களின் இடத்தை மட்டும் எழுதுங்கள், பக்கத்தில் அந்த வசனத்தை வைத்து அவர் என்ன சொன்னார் என்று ஒரு வரி. ஒரு மணி நேரச் செய்தியில் எழுத ஒரே ஒரு வசனம்தான் கிடைத்தது என்றால் அதையும் கவனியுங்கள். நாற்பது விநாடி துண்டு வீடியோவை வைத்து யாரையும் நியாயந்தீர்க்காதீர்கள், முழுச் செய்தியைத் தேடிக் கேளுங்கள். வெட்டி ஒட்டினால் யாரையும் கள்ளப்போதகராகக் காட்டிவிட முடியும்.

அப்புறம் போனைத் தள்ளி வைத்துவிட்டு அச்சு வேதாகமத்தை எடுங்கள். 1715-ல் தரங்கம்பாடியில் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி வந்ததே, சாதாரண விசுவாசி அதைத் தானே வாசிக்க வேண்டும் என்பதற்காகத்தான். எழுதி வைத்த வசனத்தை மட்டும் பார்க்காதீர்கள், அந்த அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து கடைசி வரை வாசியுங்கள். யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், எந்தச் சூழ்நிலையில் என்று கேளுங்கள். பாதிக்கு மேல் குழப்பம் இங்கேயே தெளிந்துவிடும்.

எரேமியா 29:11-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். புது வருஷ வாக்குத்தத்த அட்டைகளில் அடிக்கடி வருகிற வசனம், "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே". இந்த வருஷம் வேலை கிடைக்கும், வீடு கட்டுவீர்கள் என்று இதை வைத்துப் பேசுவார்கள். அதிகாரத்தை முழுவதும் வாசித்துப் பாருங்கள். அது பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதி அனுப்பிய நிருபம். 10-ம் வசனம் எழுபது வருஷம் என்கிறது, அதாவது அதைக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் திரும்பிப் போவதைப் பார்க்கவே மாட்டார்கள். அதைவிட முக்கியம் 8-ம், 9-ம் வசனங்கள், உங்கள் நடுவில் இருக்கிற தீர்க்கதரிசிகள் உங்களை மோசம்போக்க விடாதிருங்கள், நான் அவர்களை அனுப்பவில்லை என்று கர்த்தர் சொல்கிறார். சீக்கிரம் எல்லாம் சரியாகிவிடும் என்று சொன்னவர்களை எச்சரிக்கிற அதிகாரத்திலிருந்து ஒரு வசனத்தை மட்டும் பிய்த்தெடுத்து, சீக்கிரம் எல்லாம் சரியாகிவிடும் என்று பிரசங்கிக்கிறோம். இது எனக்கு உண்மையிலேயே வேதனை தருகிறது. ஏனென்றால் அந்த வசனத்தின் மெய்யான ஆறுதல் இதைவிடப் பெரிது: நியாயத்தீர்ப்பின் நடுவிலும் கர்த்தர் தம் ஜனத்தைக் கைவிடவில்லை.

பிலிப்பியர் 4:13-ம் அப்படித்தான், "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு". பரீட்சைக்கும் பிசினஸுக்கும் சொல்லப்படுகிற அந்த "எல்லாவற்றையும்" என்னவென்று 12-ம் வசனம் சொல்கிறது, திருப்தியாயிருக்கவும் பட்டினியாயிருக்கவும். சிறையில் கட்டுண்டிருந்த பவுல் எழுதியது அது.

அடுத்தது சங்கீதம் 105:15. "நான் அபிஷேகம்பண்ணினவர்களை நீங்கள் தொடாமலும்" என்பதைச் சொல்லித்தான் நிறைய இடங்களில் கேள்வி கேட்பவர் வாயை அடைக்கிறார்கள். சங்கீதத்தை 9-ம் வசனத்திலிருந்து வாசியுங்கள். ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு தேசம் தேசமாய் அலைந்தபோது அவர்களை ஒடுக்கவிடாமல் கர்த்தர் ராஜாக்களைக் கடிந்துகொண்டதைப் பற்றியது அது. ஊழியக்காரரின் போதனையை ஆராயக்கூடாது என்று அதில் எங்கேயும் இல்லை. பேதுரு தவறினபோது பவுல் முகமுகமாய் எதிர்த்தார், கலாத்தியர் 2-ல் இருக்கிறது.

தீர்க்கதரிசனம் என்று யாராவது சொன்னால் தேதி போட்டு எழுதி வையுங்கள். 1 தெசலோனிக்கேயர் 5-ல் "தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள்" என்பதும் இருக்கிறது, அடுத்த வசனத்திலேயே "எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து" என்பதும் இருக்கிறது, இரண்டையும் சேர்த்தே பிடியுங்கள். சொன்னது நடக்காவிட்டால் அது கர்த்தர் சொல்லாத வார்த்தை என்று உபாகமம் 18:22 தெளிவாகச் சொல்கிறது, பிறகு விளக்கம் கொடுத்துச் சமாளிக்க இடமில்லை. நடந்துவிட்டாலும் சோதனை முடியவில்லை. உபாகமம் 13-ஐப் பாருங்கள், அடையாளம் பலித்தாலும் அவன் உங்களை வேறு தேவர்களிடம் இழுத்தால் கேட்கக்கூடாது என்கிறது.

சுகம் பற்றிய செய்தி என்றால் கூடுதல் கவனம் தேவை, இதில் உயிரே போகலாம். கர்த்தர் சுகமாக்குகிறவர், ஜெபிக்க வேண்டும், யாக்கோபு 5 அதைத்தான் கற்பிக்கிறது. ஆனால் விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு என்று ஒருவர் சொன்னால், உடன் ஊழியனான துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியோடு விட்டுவந்தேன் என்று பவுல் எழுதியதையும் (2 தீமோத்தேயு 4:20), தீமோத்தேயுவின் வயிற்றுக்குத் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளச் சொன்னதையும் காட்டுங்கள். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் உள்ள மருந்தை யார் சொன்னாலும் நிறுத்தாதீர்கள்.

காணிக்கை விஷயம் சுருக்கமாக: தசமபாகம் கொண்டுவரச் சொல்லும் மல்கியா 3:10-ஐ மட்டும் கேட்டவர்கள் அதே அதிகாரத்தின் 5-ம் வசனத்தையும் வாசியுங்கள். கூலிக்காரன், விதவை, திக்கற்றவன் ஆகியோரை ஒடுக்குகிறவர்களைக் கர்த்தர் அங்கே எச்சரிக்கிறார்.

கடைசியாக, அந்தச் செய்தியில் பாவம், சிலுவை, மனந்திரும்புதல் எங்கே இருந்தது என்று நோட்டைப் பார்த்துக் கேளுங்கள். ஒரு செய்தியில் இல்லாமல் போகலாம். ஒரே போதகரின் பல செய்திகளைக் கேட்டும் ஆசீர்வாதம், உயர்வு, எதிரி வெட்கப்படுவான் என்பது மட்டுமே மிஞ்சினால் அந்தச் சேனலை விட்டுவிடுங்கள்.

குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் பெரியம்மா இப்படி ஒரு வீடியோ அனுப்பினால், எல்லார் முன்பும் திருத்தப் போகாதீர்கள். அவர்கள் அன்பினால் அனுப்புகிறார்கள். அடுத்த முறை வீட்டுக்குப் போகும்போது, "பெரியம்மா, நீங்க அனுப்பின வசனம் வர்ற அதிகாரத்தைச் சேர்ந்து வாசிப்போமா?" என்று கேளுங்கள். வாசித்து முடித்தபின் சேர்ந்து ஜெபியுங்கள். பல சமயம் விவாதத்துக்கே வேலை இருக்காது.

சரி, உங்கள் சொந்தச் சபையின் ஆயரே இப்படிப் பிரசங்கித்தால்? யூடியூப் பிரசங்கிக்கு உங்களைத் தெரியாது, ஆனால் வீட்டில் ஒரு மரணம் என்றால் வந்து நிற்கப்போகிறவர் இவர், அதனால் இங்கே பொறுமை அதிகம் வேண்டும். அப்பொல்லோ என்ற பிரசங்கியார் பேசினதில் குறை இருந்தபோது ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அவரைச் சேர்த்துக்கொண்டு அதிக திட்டமாய் விவரித்துக் காண்பித்தார்கள் (அப்போஸ்தலர் 18:26). அதேபோல ஆராதனை முடிந்த கூட்டத்தில் கேட்காமல், வார நாளில் நேரம் கேட்டுப் போய், "ஐயா, இந்த வசனம் எனக்கு இப்படிப் படுகிறது, நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள்?" என்று வேதத்தைத் திறந்து வைத்துக் கேளுங்கள். அவர் பதில் சொல்லும்போது அதையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், வீட்டுக்கு வந்து அந்த அதிகாரத்தை மறுபடி வாசியுங்கள்.