ஷெகார்: பாய் மடித்தால் வந்தாச்சு

போர்த்துகீசியத்தில் 'ஷெகார்' என்றால் வந்து சேர்வது. மூலம், 'மடி' என்னும் பொருள்கொண்ட லத்தீன் 'பிளிகாரே'. கரை சேர்ந்ததும் கப்பலின் பாயை மடிப்பார்களே, அதுதான் என்பது வழக்கமான விளக்கம். வேடிக்கை என்னவென்றால், அதே மூலத்தில் பிறந்த ருமேனிய வினைக்குப் 'புறப்படு' என்று அர்த்தம்!

சரி, குறிப்புக்கு வருவோம். லத்தீனின் 'பிள', 'கிள' தொடக்கம் பல சொற்களில் போர்த்துகீசியத்தில் 'ஷ' ஆகும், ஸ்பானியத்தில் 'ய' ஒலி. மழை: ஷூவா, யூவியா. அழு: ஷொரார், யொரார். ஸ்பானியம் தெரிந்தவர்கள் இப்படி மாற்றிப் பார்த்தே பாதி ஊகிக்கலாம். 'பிளான்டா' (செடி) போன்றவை மாறாது.

திறவுகோலுக்கான லத்தீன் 'கிளாவிஸ்' போர்த்துகீசியத்தில் 'ஷாவ்'. முன்பு அதை 'ச்ச' ஒலியோடுதான் ('பச்சை'யில் வருவதுபோல்) சொன்னார்கள். நம் சாவி அதிலிருந்து வந்ததே.