யாழ்ப்பாணத்தின் மாலையும் இரவும்: ஊருக்குப் போவோர் அறிந்திருக்க வேண்டியவை

விடுமுறைக்கு யாழ்ப்பாணம் புறப்படும் இளையவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, இரவில் அங்கே எங்கே போகலாம் என்பதுதான். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வெள்ளிக்கிழமை மாலையைப் பப்பில் கழித்துப் பழகியவர்களுக்கு, இரவுச் சாப்பாட்டு நேரத்துக்குள் கடைகளைப் பூட்டிவிட்டு அடங்கிப்போகும் நகரம் வெறிச்சோடியதாகத்தான் தோன்றும். அது தவறான தோற்றம் என்று பல தடவை போய்வந்தவன் என்ற முறையில் உறுதியாகச் சொல்வேன். அங்கே இரவுக் கலை கூரைக்குக் கீழே நாள்தோறும் நடப்பதில்லை. கோவில் வீதியிலும் கடற்கரையிலும் அதற்குரிய நாளில் நடக்கிறது. ஆகவே விமானச் சீட்டு எடுக்கும் முன்பே பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பாருங்கள்.

பஞ்சாங்கத்தில் முதலில் குறித்துக்கொள்ள வேண்டியது பௌர்ணமி. இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் போயா விடுமுறை. அன்று நாடு முழுவதும் மது விற்பனைக்குத் தடை உண்டு. சித்திரைப் புத்தாண்டு, ஒக்டோபர் 3ஆம் திகதி மதுவிலக்கு நாள் போன்ற வேறு சில நாட்களிலும் மதுக்கடைகள் பூட்டியிருக்கும். மது வாங்குவதற்கான வயது 21 என்பதையும் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 18 வயதில் பப்புக்குள் நுழைந்து பழகிய இலண்டன் பிள்ளைக்கும், ஒன்ராறியோவில் 19 வயதில் அனுமதி பெற்ற பிள்ளைக்கும் இது புதிய செய்தியாக இருக்கும்.

ஒருமுறை நானே இந்தக் கணக்கைத் தவறவிட்டேன். நோர்வேயிலிருந்து வந்த என் தம்பியின் மகனைக் கூட்டிக்கொண்டு ஒரு ஹோட்டலுக்குப் போய் இருந்ததும், பரிமாறுகிற பையன் தயங்கித் தயங்கி, "இண்டைக்குப் போயா, ஒண்டும் தரேலாது அண்ணை" என்றான். அன்று சித்திரா பௌர்ணமி. எலுமிச்சைச் சாறு குடித்துவிட்டு அங்கிருந்தே வல்வெட்டித்துறைக்குப் புறப்பட்டோம். வல்வை முத்துமாரி அம்மன் ஊறணியில் தீர்த்தமாடும் அந்நாளின் இரவைத்தான் இந்திரவிழா என்று கொண்டாடுகிறார்கள். ஊர் முழுவதும் மின்விளக்குத் தோரணங்களும், சந்திக்குச் சந்தி மேடைகளும், மேடைக்கு மேடை பாட்டும் கூத்துமாக விடியும்வரை சனம் நடந்துகொண்டே இருந்தது. அந்தப் பிள்ளை இன்றைக்கும் யாழ்ப்பாணப் பயணம் என்றால் அந்த இரவைத்தான் சொல்கிறான். மதுச்சாலை பூட்டியிருக்கும் இரவே வடபகுதியின் மிகச் சிறந்த இரவாக அமையலாம். சித்திரையில் வரமுடியாதவர்கள் தைப்பொங்கலன்று அதே ஊரின் கடற்கரைக்குப் போகலாம். அங்கே நடக்கும் பட்டப்போட்டியில் எழும் பட்டங்களின் அளவையும் வடிவத்தையும் பார்க்கும் பெரியவர்களுக்கும் வாய் மூடாது.

மேளச் சமாவைத் தவறவிட்டுத் திரும்பாதீர்கள். இரண்டு மூன்று கூட்டத்து நாதஸ்வர, தவில் வித்துவான்கள் ஒரே வீதியில் கூடி, இரவு வெகுநேரம் ஒருவரை ஒருவர் மிஞ்ச வாசிப்பதையே யாழ்ப்பாணத்தில் சமா என்கிறார்கள். இணுவிலும் அளவெட்டியும் இக்கலையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த ஊர்கள். தமிழ்நாட்டுப் பெருவித்துவான்கள் விரும்பி அழைத்த தவில் மேதை தட்சிணாமூர்த்தி இந்த மண்ணில் பிறந்தவர். மண்டபக் கச்சேரியில் பின்வரிசையில் அமர்ந்து கேட்கும் தவில் வேறு, சுவாமி வீதியில் நிற்க நான்கடி தூரத்தில் நின்று நெஞ்சில் அதிரக் கேட்கும் தவில் வேறு. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை ஏதாவதொரு கோவிலில் திருவிழா இருந்துகொண்டே இருக்கும். எந்த இரவில் எந்தக் கோவிலில் சமா என்பதை இணையத்தில் தேடுவதைவிட, சுவரில் ஒட்டிய நோட்டீசையும் உதயன், வலம்புரி நாளிதழ்களின் விளம்பரத்தையும் பாருங்கள்; அல்லது வீட்டிலுள்ள பெரியம்மாவைக் கேளுங்கள், அவருக்கு நிச்சயம் தெரிந்திருக்கும்.

நல்லூர்த் திருவிழா 25 நாட்கள். ஆடி அமாவாசைக்கு ஆறாம் நாள் கொடியேறி, ஆவணி அமாவாசையில் தீர்த்தத்துடன் முடியும். அந்நாட்களில் கோவிலைச் சூழ்ந்த வீதிகளில் வாகனங்களுக்கு அனுமதி இல்லை, நடந்துதான் போகவேண்டும். ஆண்கள் மேற்சட்டை இன்றித்தான் கோவிலுக்குள் போகலாம் என்பதால் வேட்டியும் சால்வையும் கொண்டுபோங்கள். தரிசனம் முடிந்து றியோவில் ஐஸ்கிறீம் குடிப்பது பல குடும்பங்களின் வழக்கம். இன்னொன்றையும் கவனியுங்கள்: இந்த 25 நாட்களும் பல வீடுகளில் மச்சமும் (மீன், இறைச்சி) இல்லை, மதுவும் இல்லை. விருந்தினராகத் தங்கியிருக்கும் வீட்டுக்குப் போத்தலோடு போய் அவர்களைச் சங்கடப்படுத்த வேண்டாம்.

கூத்துப் பார்க்க விரும்புவோர் ஒரு முழு இரவை ஒதுக்கவேண்டும். அம்மன் கோவில்களில் ஆடப்படும் காத்தவராயன் கூத்து இரவில் தொடங்கினால் விடியத்தான் முடியும். பாயும் போர்வையும் நுளம்புக்குப் பூசும் மருந்தும் கொண்டுபோங்கள். பிள்ளைகள் அந்தப் பாயிலேயே தூங்கி, பாட்டு உச்சமெடுக்கும்போது எழும்பிப் பார்க்கட்டும். குருநகர், பாசையூர், நாவாந்துறை ஆகிய கரையோர ஊர்களில் கத்தோலிக்க நாட்டுக்கூத்து மரபு வேரூன்றியிருக்கிறது. தவக்காலத்தில் போவோர், மரியசேவியர் அடிகள் 1965இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் திருப்பாடுகளின் நாடகத்தை அவ்வாண்டு மேடையேற்றுகிறதா என்று விசாரியுங்கள்.

இனிக் கள்ளுத் தவறணை, அதாவது கள்ளு விற்கும் கடை. பனங்கள்ளு ஏறத்தாழ மாசியிலிருந்து ஆடிவரைதான்; மற்றக் காலங்களில் தென்னங்கள்ளே கிடைக்கும். மார்கழி விடுமுறையில் போய் இறங்கிப் பனங்கள்ளுக் கேட்பவர் ஏமாந்துபோவார். தவறணைகளைப் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்துகின்றன. அதிகாலையில் மரமேறிப் பாளை சீவி முட்டியில் இறக்கும் தொழிலாளியின் கையிலிருந்து நேராக அங்கே வருவதால், காலையில் குடித்தால் இனிப்பாகவும் மாலையில் குடித்தால் புளிப்பேறிக் கடுமையாகவும் இருக்கும். பனை ஓலையில் கோலிய பிளாவில் வாங்கிக் குடிக்கும் வாய்ப்புக் கிடைத்தால் அதை விடாதீர்கள். ஆனால் அங்கே இருப்பவர்கள் பகல் முழுவதும் வெயிலில் வேலைசெய்து களைத்து வந்தவர்கள். கேட்காமல் அவர்களைப் படமெடுப்பதும், எல்லோருக்கும் நான் வாங்கித் தருகிறேன் என்று காசை வீசுவதும் அவர்களை அவமதிப்பதாகும். ஊரறிந்த ஒருவரோடு போய், ஓர் ஓரமாக இருந்து, கதைத்தால் கதைத்து வாருங்கள்.

தவறணை இன்றும் ஆண்களின் இடமாகவே இருக்கிறது. தவறணைகளில் பெண்களுக்கு மது விற்பதைத் தடுத்த 1979ஆம் ஆண்டு விதியை 2018 ஜனவரியில் நிதி அமைச்சு நீக்கியது. சில நாட்களிலேயே சனாதிபதியின் பணிப்பால் அந்த முடிவு திரும்பப் பெறப்பட்டது. சகோதரிகளும் சேர்ந்து இருந்து குடிக்க விரும்பினால் ஹோட்டல்களே பொருத்தமானவை. ஜெற்விங் யாழ்ப்பாணம் ஹோட்டலின் மொட்டைமாடி மதுச்சாலையில் மாலை வெளிச்சம் மங்கும் நேரத்தில் இருந்து பார்த்தால் நகரமும் அப்பால் கடனீரேரியும் தெரியும். விலைப்பட்டியலில் உள்ள தொகையோடு பெரும்பாலும் 10 சதவீதச் சேவைக் கட்டணமும் 18 சதவீத வற்வரியும் சேரும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கள்ளத்தனமாகக் காய்ச்சும் சாராயமான கசிப்பை மட்டும் யார் தந்தாலும், எவ்வளவு நெருங்கிய சொந்தக்காரர் தந்தாலும், தொடாதீர்கள். என்ன கலந்து காய்ச்சினார்கள் என்பது குடிப்பவருக்குத் தெரியாது.

திரைப்பாடகர்கள் வந்து பாடும் பெரிய இசை நிகழ்ச்சிகள் முற்றவெளி மைதானத்தில் நடப்பதுண்டு. 2024 பெப்ரவரியில் அப்படியொன்றில் சனம் தடுப்பு வேலிகளைத் தள்ளிக்கொண்டு உள்ளே புகுந்து பெருங்குழப்பமானது. குழந்தைகளோடு போவோர் வெளியேறும் வழிக்கு அருகிலேயே நில்லுங்கள். அமர்ந்து ஆறுதலாக ரசிக்க விரும்புவோருக்குப் பொதுநூலகத்துக்கு அருகே இந்திய உதவியில் எழுந்த 11 மாடிப் பண்பாட்டு மையத்தின் அரங்கு உண்டு. 2015 முதல் யாழ்ப்பாணத்தில் சர்வதேசத் திரைப்பட விழாவும் நடந்துவருகிறது.

முள்ளிவாய்க்கால் நினைவு நாளான மே 18ஐ ஒட்டிய நாட்களிலும் மாவீரர் நாளான நவம்பர் 27ஐ ஒட்டிய நாட்களிலும் பிறந்தநாள் கொண்டாட்டம், டீஜே இரவு என்று எதையும் ஒழுங்குசெய்யாதீர்கள். பக்கத்து வீட்டில் ஒரு தாய் விளக்கேற்றிவைத்து அழுதுகொண்டிருக்கக்கூடும்.

திரும்பும் வழியைப் போகும்போதே தீர்மானித்துவிடுங்கள். குடித்துவிட்டு வாகனம் ஓட்டுவதும் பொது இடத்தில் இருந்து குடிப்பதும் குற்றம். பண்ணைக் கடற்கரையில் காற்று வாங்கலாம், போத்தல் திறக்கக்கூடாது. நகரத்துக்குள் பிக்மீ செயலியில் ஓட்டோ பிடிக்கலாம். வல்வெட்டித்துறை போன்ற தூர ஊர்களில் நள்ளிரவுக்குப் பிறகு ஓட்டோ கிடைப்பது அரிது என்பதால், கொண்டுபோன ஓட்டோக்காரத் தம்பியையே விடியும்வரை நிற்கும்படி கேளுங்கள். காத்திருப்புக்கான காசை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். அவரையும் விழாப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனால், எந்த மேடையில் எந்த நேரத்துக்கு நல்ல நிகழ்ச்சி என்பதை அவரே சொல்லிவிடுவார்.