கேஸ் எழுதக் குடுக்க முதல் இதை வாசியுங்கோ

பாரிசில வந்து இறங்கி ஒரு கிழமைக்குள்ள, எங்கட தமிழ்க் கடையள் இருக்கிற லாச்சப்பலில உங்களைத் தேடி ரெண்டு விதமான ஆக்கள் வருவினம். ஒருத்தர் ரூம் பிடிச்சுத் தாறவர். மற்றவர் கேஸ் எழுதுறவர், அதாவது அகதியா ஏற்கச் சொல்லிக் குடுக்கிற உங்கட கதையைக் காசுக்குப் பிரெஞ்சில எழுதித் தாறவர். ரூம்காரரில எனக்குப் பெரிய கோபம் இல்லை. ஆறு பேர் படுக்கிற அறையில ஏழாவதாப் போட்டாலும் காலையில எழும்பி வேலைக்குப் போயிடலாம். இது மற்றவரைப் பற்றினது.

அலுவலக வேலையளைக் கெதியாச் சொல்லிவிடுறன், எல்லாரும் சொல்லுவினம்தானே. ஓபீ எண்ட குடிவரவு அலுவலகத்தின்ர போன் இலக்கத்துக்கு அடிச்சு நாள் எடுங்கோ. லைன் கிடைக்கும் வரைக்கும் விடாமல் அடியுங்கோ. வந்து 90 நாளைத் தாண்ட விடாதேங்கோ, தாண்டினால் வழக்கை விரைவு முறையில தள்ளிவிடுவினம். பிறகு பிறிபெக்சர் எண்ட அரச அலுவலகத்தில கைரேகை. இத்தாலியிலயோ வேற எங்கயோ ஏற்கெனவே ரேகை குடுத்திருந்தால் டப்ளின் சட்டம் எண்டு அந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பப் பார்ப்பினம், இழுபடும், அதை மறைக்கேலாது. அங்க அத்தெஸ்தாசியோன் எண்டு அகதி கேட்டிருக்கிறதுக்கான அத்தாட்சித் தாள் தருவினம், மாசக் காசு விழுற காட்டும் வரும். அந்தக் காட்டில மெசினில காசு எடுக்கேலாது, கடையில குடுத்துத் தேய்க்க மட்டுந்தான். தங்க இடம் தந்தால் "மச்சான் வீடு லாக்கூர்நெவில இருக்கு" எண்டு மறுக்காதேங்கோ, மாசக் காசும் சேர்ந்து நிண்டுபோகும்.

அத்தெஸ்தாசியோன் கையில கிடைச்ச நாளில இருந்து 21 நாள். அதுக்குள்ள, அகதி வழக்கை விசாரிச்சு முடிவு சொல்லுற ஒப்ரா அலுவலகத்துக்கு உங்கட கதை பிரெஞ்சில போகவேணும். அந்த 21 நாளிலதான் கேஸ் எழுதுறவர் பிழைக்கிறார்.

எங்களுக்கு ஊரில பழக்கம் அப்பிடி. விதானையாரிட்ட கடிதம், கச்சேரிக்குப் பக்கத்தில இருந்து படிவம் நிரப்புறவருக்கு நூறு ரூபா. நாங்கள் ஒருநாளும் எங்கட விண்ணப்பத்தை வாசிச்சதில்லை, காட்டின இடத்தில கையெழுத்துப் போட்டதுதான். அதே பழக்கத்தோட என்ர கூட்டாளியும் போனான். நானூறு யூரோ. கடன் வாங்கித்தான் குடுத்தவன்.

அவன் கிளிநொச்சிப் பக்கம். கடைசிச் சண்டையில இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து மாத்தளன் வரைக்கும் போய், 2009 சித்திரை 20இல ஆமி புதுமாத்தளன் மண் அணையை உடைச்ச நேரம், தாயையும் தூக்கிக்கொண்டு கடலேரிக்குள்ள இறங்கி வந்தவன். தண்ணி இடுப்புக்கு மேல. அந்தச் சில நாளுக்குள்ள ஒரு லட்சம் சனமளவில வெளியில வந்தது. பிறகு ஓமந்தையில சோதனை, பிறகு மெனிக் பாம் முகாம். இவ்வளவையும் கேஸ் எழுதுறவருக்கு ஒரு பிளேன்ரீ குடிச்சு முடியிறதுக்குள்ள சொல்லியிருக்கிறான். அவர் தலையாட்டியிருக்கிறார். பிறகு தன்னட்ட ஏற்கெனவே இருந்த கதையை எடுத்துப் பேரை மாத்திக் குடுத்திட்டார். அவருக்கு எல்லாரும் சண்டை முடிஞ்ச வைகாசி 18இல வட்டுவாகல் பாலத்தால வந்தவைதான்!

ஒப்ராவில அதிகாரி முதல் கேட்ட கேள்வியே எங்கால வந்தனீங்கள் எண்டதுதான். இவன் உண்மையைச் சொன்னான், மாத்தளன், கடலேரி. அதிகாரி தாளைப் பார்த்தார். "ஆனால் நீங்கள் எழுதினதில வட்டுவாகல், வைகாசி எண்டு இருக்கே?"

அந்த இடத்தில "அது பிழை, நான் எழுதேல்லை" எண்டு சொல்லியிருந்தால் ஒருவேளை தப்பியிருப்பான். பயந்திட்டான். தாளில உள்ளதுதான் சட்டம் எண்டு நினைச்சு, "ஓம், வட்டுவாகல்" எண்டான். அண்டு இரவு எங்க படுத்தனீங்கள் எண்டு கேட்டார். சித்திரையில படுத்த இடத்தைச் சொன்னான். பிறகு ஒண்டும் ஒட்டேல்லை.

நிராகரிச்ச கடிதத்தோட விசாரணைப் பதிவும் எழுத்தில வரும். மத்தியானம் நான் வேலை செய்யிற குசினிக்குக் கொண்டு வந்தவன். கரட் சீவின கையைத் துடைச்சுப்போட்டு வரி வரியாத் தமிழில சொல்லிக்கொண்டு போனன். தாயைத் தூக்கின இடம் வந்ததும், "அம்மான்ர சீலை தண்ணிக்குள்ள கனத்துப் போச்செண்டு சொன்னனான், அது இருக்கே?" எண்டு கேட்டான். இருந்தது. அவன்ர வாயால வந்த அந்த வசனம் அப்பிடியே இருந்தது. அதுக்கு ரெண்டு பக்கம் தள்ளி வட்டுவாகல்.

அதால சொல்லுறன். வந்த உடன ஒரு சீஆர் கொப்பி வாங்குங்கோ. உங்கட கையால, உங்கட தமிழில, முழுக்க எழுதுங்கோ. திகதி தெரியாட்டித் தெரியாதெண்டு எழுதுங்கோ. "மாரி தொடங்கின நேரம்", "நல்லூர்க் கொடியேத்தத்துக்கு முதல் கிழமை", இதெல்லாம் பொய்த் திகதியை விட ஆயிரம் மடங்கு நல்லது. காசு குடுக்கிறதெண்டால் அந்தக் கொப்பியை மொழிபெயர்க்கிறதுக்குக் குடுங்கோ, கதை கட்டுறதுக்குக் குடுக்காதேங்கோ. காசில்லாமல் உதவுற சிமாட் மாதிரிச் சங்கங்களும் இருக்கு, விடியவே வரிசையில நிக்கவேணும், அவ்வளவுதான். கையெழுத்துப் போட முதல் வேற ஒருத்தரைக் கொண்டு பிரெஞ்சை வசனம் வசனமாத் தமிழில வாசிப்பியுங்கோ. ஏற்கெனவே அனுப்பிப்போட்டுப் பிழை கண்டுபிடிச்சால், விசாரணைக்கு முதலே திருத்தம் எழுதி அனுப்புங்கோ. அதுவும் ஏலாட்டி விசாரணை தொடங்கின உடன, அவை கேக்க முதல், நீங்களே சொல்லுங்கோ.

இன்னொண்டு, மொழிபெயர்ப்பாளர். தமிழ் ஆளைத்தான் விடுவினம், காசில்லை. ஆனால் அவர் தமிழ்நாட்டுக்காரராயும் இருக்கலாம். நல்ல மனிசர்தான், ஆனால் "வெளிக்கிட்டம்", "சுத்திவளைப்பு", "பெடியள்" எல்லாம் அவருக்கு எங்கட மாதிரி விளங்காது. அதை விட மோசம், நாங்கள் ஆரெண்டு சொல்லாமல் கதைக்கிறது. "அண்ணாவைப் பிடிச்சுக்கொண்டு போனவை" எண்டால் எங்களுக்குள்ள முகத்தைப் பார்த்தே விளங்கும், ஆமியோ இயக்கமோ சீஐடியோ எண்டு. பிரெஞ்சில அதுக்கு ஒரு ஆள் வேணும், அந்த ஆளை மொழிபெயர்ப்பாளர் தன்ர எண்ணத்துக்குப் போட்டுவிடுவார். ஒவ்வொரு தரமும் ஆரெண்டு சொல்லுங்கோ. சலிப்பாத்தான் இருக்கும். விளங்காட்டி விளங்கேல்லை எண்டு சொல்லுங்கோ, அதிகாரியைக் கண்டதும் "ஓம் ஓம்" எண்டு தலையாட்டுறதை விமானத்திலயே விட்டிட்டு வாங்கோ.

நிராகரிச்சால் ஒரு மாசத்துக்குள்ள மொந்திறெயில இருக்கிற நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு, பழைய ஆக்கள் இப்பவும் கொமிசன் எண்டுதான் சொல்லுவினம். இலவச வக்கீல் கேக்கிறதெண்டால் கடிதம் கிடைச்சு 15 நாளுக்குள்ள கேளுங்கோ. கூட்டாளி பத்தாம் நாள் கேட்டவன். வக்கீல் ஒரு பெண். நான் சொன்ன மாதிரி ஒரு கொப்பியைப் புதுசா எழுதுவிச்சா, முதல் கதை ஆர் எழுதினது, எவ்வளவு குடுத்தது எண்டதையும் சேர்த்து. ஒன்றரை வருசம் இழுத்தது. அதுக்கிடையில ஊரில தாய் செத்துப்போனா. போகேலாது. வாட்ஸப்பில சடங்கு பார்த்தவன், நான் பக்கத்தில இருந்தனான், போனில சார்ஜ் முடியுதெண்டு வயரோட குந்தியிருந்து.

போன வருசம் வதிவிடக் காட் கிடைச்சிட்டுது. பத்து வருசக் காட். சந்தோசத்தில என்னைக் கொத்துரொட்டி சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனான், வேற எங்க, லாச்சப்பலுக்குத்தான். மூலை மேசையில கேஸ் எழுதுறவர் இருந்தார், முன்னால ரெண்டு புதுப் பெடியள். எங்களைக் கண்டதும் எழும்பி வந்து இவன்ர முதுகில தட்டினார்.

"தம்பிக்குக் காட் வந்திட்டுதாமே?" எண்டவர், அந்தப் பெடியளின்ர பக்கம் திரும்பினார். "பாருங்கோ, இவற்ற கேசும் நான் எழுதினதுதான்."