ராத்திரியானா பிரவுனா மாறின சிவப்பு

ஹால்ல சோபாவுக்கு மேல மாட்ட ஒரு அப்ஸ்ட்ராக்ட் கேன்வாஸ் பிரிண்ட் வாங்கினேன், லிமிடெட் எடிஷன், பின்னாடி 14/50ன்னு, அதாவது அம்பது பிரதியில பதினாலாவதுன்னு, கையால எழுதி கையெழுத்து இருக்கு. சாம்பல் நடுவுல ஒரு அடர் சிவப்பு பட்டை, அதுக்காகவே எடுத்தது. மாட்டின அன்னைக்கு ராத்திரி பார்த்தா அந்த சிவப்பு பழைய புளி கலர்ல கெடக்கு.

கடைக்காரர்கிட்ட சொன்னேன், நல்ல மனுஷன், மாத்தி 22/50 குடுத்தார், அதுவும் அப்படியேதான். சுவரோட கிரீம் கலர் அடிக்குதோன்னு பின்னாடி வெள்ளை சார்ட் ஒட்டிப் பார்த்தேன். வெள்ளை எல்இடி பல்பை கழட்டிட்டு மஞ்சள் வெளிச்ச எல்இடி போட்டேன். ஒண்ணும் தேறல, அஞ்சு நாள் போச்சு.

ஆறாவது நாள் மதியம் தூசி தட்ட கழட்டி ஜன்னல் ஓரம் வச்சேன், சிவப்பு கடையில பார்த்த மாதிரியே பளிச்சுன்னு இருக்கு! அப்பதான் பல்ப் டப்பாவை எடுத்துப் படிச்சேன், ரெண்டுலயும் சிஆர்ஐ 80ன்னு போட்டிருக்கு, அந்த வெளிச்சத்துல கலர் எவ்வளவு நிஜமா தெரியும்ங்கிறதுக்கு நூறுக்கு போடற மார்க் அது. இதுல ஒரு விஷயம் இருக்குங்க, அந்த சிஆர்ஐ நம்பரை எட்டு வெளிர் கலரை வச்சுதான் கணக்கு போடறாங்க, அடர் சிவப்பு அதுல சேராது, அதுக்கு ஆர்9னு தனி அளவு. 80 பல்ப் நிறையதுல ஆர்9 கிட்டத்தட்ட பூஜ்யம்தான்.

சிஆர்ஐ 90க்கு மேல, ஆர்9 50க்கு மேல, மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் நடுவுல வர்ற 4000 கெல்வின் வெளிச்சம்னு கேட்டு ஒரு ஸ்பாட் லைட் வாங்கி மாட்டினேன், சிவப்பு திரும்பி வந்துடுச்சு, அப்பாடா. பிரிண்ட் எடுக்கப் போறவங்க உங்க ஹால் பல்பை கழட்டி கடைக்கே எடுத்துட்டுப் போங்க.