கிண்டில் வாங்கியவர்களுக்கு

மின்னூல் படிக்கும் கருவியான கிண்டிலை வாங்கிய புதிதில், இலவசமாகக் கிடைத்த நூல்களையெல்லாம் இறக்கி நிரப்பினேன். சேர்ந்தது இருநூறு, படித்து முடித்தது நாலு. அலமாரியில் தூசி படிந்த புத்தகமாவது கண்ணில் பட்டு உறுத்தும். கருவிக்குள் கிடப்பது அதுகூடச் செய்யாது.

இப்போதெல்லாம் மாதிரிப் பகுதியை மட்டும் இறக்குகிறேன். அது முடிகிற இடத்தில் 'அப்புறம் என்ன?' என்று மனசு கேட்டால் வாங்குவது, இல்லையென்றால் அங்கேயே அழித்துவிடுவது. மறுபடி எடுப்பேன் என்று தோன்றும் புத்தகத்துக்கு மட்டும் அச்சுப் பிரதி. சமையல் புத்தகமும் கவிதையும் எப்போதும் காகிதத்தில்தான். விரலை இடையில் வைத்துப் புரட்டும் வசதி திரையில் வராது.

தமிழ் நூல்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பெரிய தாளுக்கு அமைத்த பிடிஎஃப்பை 6 அங்குலத் திரையில் திறந்தால் எழுத்து எறும்பு ஊர்வது போலத் தெரியும். ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் போன்ற தளங்களில் அதே நூல் இபப் (EPUB) என்ற மின்னூல் வடிவத்திலும் இருக்கும். அதை எடுத்து, அமேசானின் 'சென்ட் டு கிண்டில்' (Send to Kindle) வழியாகக் கருவிக்கு அனுப்பினால் எழுத்தை வேண்டிய அளவு பெரிதாக்கலாம், வரிகள் தானாக மடங்கிக்கொள்ளும். அம்மா இப்போது கண்ணாடியைத் தேடாமலே படிக்கிறார். கருவிதான் என் கைக்குத் திரும்பி வருவதில்லை.