எண்ணை ஸ்ட்ரிங்காக மாற்றும்போது வரும் 'நல்' பிழை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மளிகைக் கடைக்கு பில் போடும் புரோகிராம் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். டேட்டாபேஸில் விலை, தள்ளுபடி என இரண்டு பத்திகள் (column). தள்ளுபடி இல்லாத பொருளுக்குக் கடைக்காரர் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடுகிறார். நீங்கள் சோதித்ததெல்லாம் எல்லா இடமும் நிரம்பிய பொருள்களை வைத்துத்தான். தீபாவளிக் கூட்டத்தில் காலியான ஒரு பொருள் கவுண்டருக்கு வருகிறது, புரோகிராம் நின்றுவிடுகிறது.

காலியாக விட்ட இடம் பூஜ்யம் இல்லை, அங்கே மதிப்பே இல்லை. அதைத்தான் 'நல்' (null) என்கிறோம். எண்ணை ஸ்ட்ரிங்காக, அதாவது அச்சிடக்கூடிய எழுத்துத் தொடராக, மாற்றும் 'டூஸ்ட்ரிங்' (toString) என்பது ஒரு மதிப்பிடம் கேட்கிற வேலை. மதிப்பே இல்லாதபோது யாரிடம் கேட்பது?

ஜாவாவில் வெறும் முழு எண்ணான 'இன்ட்' (int) ஒருபோதும் நல் ஆகாது, அதே எண்ணை ஆப்ஜெக்டாக வைக்கும் 'இன்டீஜர்' (Integer) ஆகும். தொடக்கத்தில் பலர் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை. இதில் ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. "தள்ளுபடி உண்டா? உண்டென்றால் பொருளின் தள்ளுபடி, இல்லையென்றால் 0" என்று கேள்விக்குறி போட்டு ஒரே வரியில் எழுதுகிறோம். ஒரு பக்கம் இன்டீஜர், மறுபக்கம் வெறும் 0. இரண்டும் கலந்தால் ஜாவா முழுவதையும் இன்ட்டாக மாற்றப் பார்க்கும். அந்த இன்டீஜர் நல்லாக இருந்தால், நீங்கள் டூஸ்ட்ரிங்கைத் தொடும் முன்பே அந்த வரியில் பிழை வெடிக்கும். பலர் ஸ்ட்ரிங் ஆக்கும் வரியையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஜாவா 15 முதல் எந்த மாறி நல்லாக இருந்தது என்று பிழைச் செய்தியே சொல்கிறது, அதை முழுவதுமாகப் படியுங்கள்.

சி ஷார்ப்பில் கதை வேறு. கேள்விக்குறி போட்ட 'இன்ட்' (int?, நல்லாகவும் இருக்கக்கூடிய எண்) காலியாக இருந்தால் டூஸ்ட்ரிங் பிழை தராது, வெற்று ஸ்ட்ரிங் தரும். ஆனால் 'எக்ஸிக்யூட்ஸ்கேலர்' கொண்டு டேட்டாபேஸிலிருந்து ஓர் எண்ணை எடுத்து உடனே டூஸ்ட்ரிங் போட்டால் ஆபத்து: தேடிய வரிசையே (row) கிடைக்காவிட்டால் அது நல்லைத் தரும், புரோகிராம் விழும். வரிசை இருந்து மதிப்பு மட்டும் காலி என்றால் அதைக் குறிக்கும் 'டிபிநல்' (DBNull) வரும், அது வெற்று ஸ்ட்ரிங்காகச் சத்தமில்லாமல் கடந்துபோகும். இரண்டையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும்.

பிழை வந்ததும் அதை வாய்மூட வைப்பதுதான் எனக்கு மிகவும் கவலை தரும் தவறு. ஜாவாவில் 'ஸ்ட்ரிங் வேல்யூ ஆஃப்' (String.valueOf) போட்டால் காலியான இன்டீஜருக்குப் புரோகிராம் நிற்காது. பதிலாக ரசீதில் ரிங்கிட்டுக்குப் பக்கத்தில் 'நல்' என்ற எழுத்துகளே அச்சாகும். பைத்தானில் 'எஸ்டிஆர்' (str) போட்டால் 'நன்' (None) என்று வரும். சரி, எல்லாவற்றையும் 0 ஆக்கிவிடலாமே என்றால், தள்ளுபடிக்கு அது பொருந்தும். விலைக்குப் பொருந்தாது: விலை காலியான அரிசி மூட்டை இலவசமாக வெளியே போகும். அங்கே புரோகிராம் நின்று, "இந்தப் பொருளுக்கு விலை இல்லை" என்று காசாளரிடம் சொல்ல வேண்டும். எந்தப் பத்தி காலியாக இருக்கலாம், இருந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்பதைக் கடைக்காரரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய முடியும். காலியாகவே இருக்கக்கூடாத பத்தியை டேட்டாபேஸிலேயே தடுத்துவிடுங்கள்.

அப்புறம், சிலவற்றை எண்ணாக வைப்பதே தவறு. 2003இல் பிறந்தவரின் மலேசிய அடையாள அட்டை எண் 03 என்று தொடங்கும். எண்ணாகச் சேமித்து மறுபடி ஸ்ட்ரிங் ஆக்கினால் 12 இலக்கம் 11 ஆகிவிடும். அலோர் ஸ்டார் அஞ்சல் குறியீடு 05000க்கும் இதே கதிதான். கூட்டிக் கழிக்காத எண்களை முதலிலிருந்தே ஸ்ட்ரிங்காக வையுங்கள்.

சோதிக்கும்போது ஒவ்வொரு பத்தியையும் ஒருமுறை காலியாக விட்டு, ஒருமுறை 0 போட்டு ரசீதை அச்சடித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி வந்தால், கடைக்காரர் அப்படித்தான் கேட்டாரா என்று விசாரியுங்கள்.